பச்சை வெளிச்சத்துக்குச் சத்தம் உண்டா

என் தம்பி பின்லாந்தின் வடக்கே, ஒரு சுற்றுலா ஓட்டலின் சமையலறையில் வேலை பார்த்தான். கேட்டரிங் படித்துவிட்டு சென்னை, துபாய் என்று சுற்றி, கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தவன். குளிர்காலத்தில் அந்த ஊர் வானத்தில் பச்சையாக ஒரு வெளிச்சம் எழும்பி ஆடும். அதைப் பார்ப்பதற்கென்றே எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிகிறார்கள். தம்பிக்கு அது பழகிவிட்டது. குப்பைப் பையைப் போடப் பின்வாசலுக்குப் போனால் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருக்குமாம். "நம்மூர்ல மழ மேகம் பாக்குற மாதிரிதான்க்கா" என்பான்.

இங்கே காரைக்கால் தலத்தெருவில் நாங்கள் எழுந்து பால் காய்ச்சுகிற நேரத்தில்தான் அவனுக்கு வேலை முடிந்து அறைக்குத் திரும்புகிற நேரம். இரண்டு பக்கத்துக்கும் தோதான நேரம் அது ஒன்றுதான். அதனால் தினமும் அப்போது பேசுவான். அப்பா போனபிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு, அவனோடு பேசிக்கொண்டே டிகாக்‌ஷன் இறக்குவாள்.

ஒரு மார்கழி விடிகாலை, எடுத்த எடுப்பில், "அம்மா, இன்னைக்கு அது சத்தம் போட்டுச்சும்மா" என்றான்.

"எதுய்யா?"

"அந்த பச்ச வெளிச்சம்தான். காத்தே இல்ல, கம்முன்னு இருந்துச்சு. மேலேர்ந்து லேசா, காஞ்ச வாழச் சருக கையால கசக்குனா வரும்ல, அப்புடி வந்துச்சும்மா. வெளிச்சம் வேகமா ஓடுனா சத்தமும் கூடுது."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "காதுல பனி பூந்துருக்கும்டா. நல்லா தொடச்சிட்டுப் படு" என்றேன். என் வீட்டுக்காரர் டிவி பக்கமிருந்தே குரல் கொடுத்தார். "டியூப்லைட்டுல சோக்கு போனா கொய்ங்குன்னு வரும்ல மாப்ள, அதுவா?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. இங்கயும் அப்புடித்தான் சிரிக்கிறானுவோ. சத்தியமா கேட்டேன் அத்தான்."

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "எம்புள்ள இல்லாதத சொல்ல மாட்டான். நீ சொல்லுய்யா, அப்புறம்?"

சிரித்தேனே தவிர எனக்கும் மனசு அரித்தது. அன்று ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் செல்லில் தேடிப் படித்தேன். அந்த வெளிச்சம் உண்டாவது நூறு கிலோமீட்டர் உயரத்தில், காற்றே இல்லையென்று சொல்லிவிடக்கூடிய இடத்தில். அங்கிருந்து சத்தம் கீழே வர வழியே இல்லை, வந்தாலும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பிந்தித்தான் வரும், ஆடுகிற வெளிச்சத்தோடு சேர்ந்து கேட்காது என்று ஒரு கட்சி. அந்தப் பக்கத்து ஜனங்கள் காலங்காலமாகக் கேட்டதாகச் சொல்கிறார்களே, காற்று அசையாத கடுங்குளிரில் தரைக்குக் கொஞ்சம் மேலேயே மின்சாரம் தேங்கி வெடிப்பதால் அப்படியொரு சரசரப்பு வரலாமே என்று இன்னொரு கட்சி. சாயங்காலம் அம்மாவிடம் இரண்டையும் சொன்னேன். முதல் கட்சி சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. "பாத்தியா, அந்த ஊரு ஆளுங்களே கேட்டுருக்காங்களாம்ல" என்று அதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவன் ஒரு வீடியோ அனுப்பினான், ஓட்டல் பின்வாசலில் நின்று எடுத்தது. படம் நன்றாகத்தான் இருந்தது. சத்தத்தைக் கேட்பதற்குத்தான் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மார்கழி மாதத்தில் காரைக்காலில் விடிகாலையில் அமைதியைத் தேடுகிறவனைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். இரண்டு கோயில் ஸ்பீக்கர் இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அது ஓய்ந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார். அது ஓய்ந்தால் காக்காய். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டோம், குழாய் சொட்டியது. ஞாயிற்றுக்கிழமை வரிச்சிக்குடியில் குத்தகைக்கு விட்டிருக்கும் எங்கள் வயலுக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பக்கத்து வயலில் அறுவடை மெஷின். கடைசியில் என் வீட்டுக்காரர் காரில் கண்ணாடியையெல்லாம் ஏற்றிவிட்டு, இன்ஜினை அணைத்து, அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்தார். அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னம்மா, கேக்குதா?"

"சும்மா கெடடி... ஏதோ உறுமுது."

அது ஓட்டல் சமையலறையின் புகை இழுக்கிற ஃபேன். எனக்கே தெரிந்தது. மறுநாள் காலையில் அம்மா அவனிடம், "மோட்டாரு சத்தம்தான்யா கேக்குது. மோட்டாரு கீட்டாரு இல்லாத எடமா பாத்து நின்னு இன்னொரு தரம் எடுத்து அனுப்பேன், இவங்க மூஞ்சியில கரியப் பூசுவோம்" என்றாள்.

"ஏரிக்கரைக்குப் போவணும்மா. வண்டி வேணும். பாக்குறேன்."

"அவசரமில்லய்யா. மெதுவா எடு."

இதை அவள் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். இன்றைக்கு அம்மாவுக்கு அது ஞாபகமில்லை. இன்னொரு தரம் எடுத்து அனுப்பு என்றது மட்டும்தான் நினைவில் நிற்கிறது. எத்தனை தடவை எடுத்துச் சொன்னாலும், "நீ என்னத் தேத்துறதுக்காகச் சொல்லுற" என்கிறாள்.

காணும் பொங்கலன்று அந்த வீடியோ வந்தது. வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஒரு பக்கம் குழந்தைகள் கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டு ஓடுகின்றன, ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் மிக்சி. அம்மா போனைத் திறந்து பார்த்தாள். உறைந்துபோன ஏரி, அதற்கு மேலே பச்சையும் ஓரத்தில் கொஞ்சம் சிவப்புமாக வெளிச்சம். வந்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரு சுற்றுக் காட்டினாள். "சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் சத்தத்தக் கேட்டுக்கலாம்" என்று போனை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

மத்தியானம் இலை போட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. தம்பியோடு அதே சமையலறையில் வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்துக்காரர். பல வருஷமாக அங்கே இருக்கிறவர். தம்பி அவரைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறான், நான் ஒரு தடவையும் பேசியதில்லை.

"தம்பியின்ர அக்காவோ கதைக்கிறது?" என்றார். அடுத்து, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த சாம்பார் வாளியை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

ஏரியிலிருந்து திரும்பும்போது பனிக்கட்டிச் சாலையில் கார் சறுக்கி மரத்தில் மோதியிருக்கிறது. போனும் காரோடு நசுங்கிவிட்டது. வீடியோவை அவன் ஏரிக்கரையில் நின்றே அனுப்பியிருக்கிறான். வீட்டுக்கு வந்து, சுடுதண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு, அப்புறம் அனுப்பியிருக்கலாம். அவனுக்குப் பொறுக்கவில்லை.

உடல் வந்து சேர மாசி ஆகிவிட்டது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுத முடியாது.

அந்த நாட்களில் அம்மா போனைக் கையை விட்டு இறக்கவில்லை. ஆனால் அந்த வீடியோவைப் போடவுமில்லை. நான் ஒரு நாள், "கேக்கலாமாம்மா?" என்றேன். "கருமாதி முடியட்டும். இப்பக் கேட்டா நான் தாங்க மாட்டேன்" என்றாள். அவளுக்குள் என்ன ஓடுகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள்தான் ஒரு நாள் என்னிடம் உடைத்துச் சொன்னாள். "சத்தம் இருந்துச்சுன்னா, எம்புள்ள பாத்த ஒரு அதிசயத்த அம்மாவுக்குக் காட்டப் போனான், அதுலயே போயிட்டான்னு நெனச்சிக்குவேன். இல்லன்னா ஒண்ணுமே இல்லாத ஒண்ணுக்கு நான் அவன அனுப்பிட்டேண்டி."

எங்கள் பக்கத்தில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைப்பது போதாதென்று, கருமாதியன்று பந்தலில் பெரிய திரை கட்டி, போனவரின் படங்களைக் கோத்து, சோகப் பாட்டு ஒன்றைச் சேர்த்து ஓடவிடுகிறார்கள். வந்தவர்கள் அதையே வாங்கி ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். பாட்டு இல்லாத வீடியோவை யாரும் மதிப்பதில்லை. என் சித்தப்பா மகன் இதிலெல்லாம் முன்னால் நிற்பவன். தம்பியைவிட இரண்டு வயது மூத்தவன், இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். சாவு வீட்டு வேலை முழுக்க அவன்தான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தான். கருமாதிக்கு முந்தின நாள் அம்மாவிடம் வந்து, "பெரியம்மா, போன ஒரு மணி நேரம் குடுங்க. தம்பி போட்டோல்லாம் ஸ்டுடியோவுல ஏத்திட்டுத் தந்துடுறேன்" என்று வாங்கிக்கொண்டு போனான். சொன்ன மாதிரியே கொண்டுவந்தும் கொடுத்தான்.

மறுநாள் பந்தலில் திரை ஓடியது. தம்பியின் பள்ளிக்கூடப் படம், துபாய்ப் படம், வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரப் படம். கடைசியில் அந்த ஏரி வீடியோ. அதை மெதுவாக ஓடவிட்டு, பச்சை வெளிச்சத்துக்கு நடுவில் வட்டமாக அவன் முகம், இரண்டு பக்கமும் எரிகிற விளக்கு. புல்லாங்குழலோடு ஒரு சினிமாப் பாட்டு. பந்தலே அழுதது. நானும் அழுதேன். அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"பாட்ட நிறுத்துங்கய்யா. அதோட சத்தத்த வைங்க."

சித்தப்பா மகன் ஓடி வந்தான். "அந்த சத்தத்த எடுத்தாச்சு பெரியம்மா. பாட்டு சேக்கணும்ல."

"சரி, என் போன்ல இருக்குல்ல, அதுல கேட்டுக்குறேன்."

அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அம்மா போனில் இடமே இல்லையாம். காலை வணக்கப் படமும் சாமி படமுமாக நிரம்பிக் கிடந்ததாம். அதனால் பழைய வீடியோவை ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு வெட்டி எடுத்து, வேலை முடிந்ததும் பாட்டுச் சேர்த்த புதிய வீடியோவை அதே இடத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். புதுசுதான் அழகாக இருக்கிறதே, பழையது எதற்கு என்று ஸ்டுடியோவிலும் அழித்தாயிற்று.

"அதுல ஒண்ணுமில்ல பெரியம்மா," என்றான் அவன். "ஸ்டேஷன் கெடைக்காத ரேடியோ மாதிரி கரகரன்னு ஒரு இரைச்சல். அவ்வளவுதான். அதனாலதான்..."

அம்மா அவன் கையைப் பிடித்தாள். "கரகரன்னா? எப்புடி, சருகு மாதிரியா?"

"தெரியல பெரியம்மா."

"அவன் பேசுனானா? அம்மான்னு எதாச்சும் சொன்னானா?"

"நான் முழுசா கேக்கல பெரியம்மா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கருமாதிப் பந்தல் என்றும் பார்க்கவில்லை, ஊர் கூடி நிற்கிறது என்றும் பார்க்கவில்லை. "பாவி, அவன் உசுரக் குடுத்து எடுத்ததுடா அது! ஒன் பாட்ட யாருடா கேட்டா?" என்று கத்தினேன். அவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு குமுறிக் குமுறி அழுதான். அன்பில்தான் செய்தான், எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? இன்றுவரை அவனோடு முகம் கொடுத்துப் பேச என்னால் முடியவில்லை.

இப்போது எங்கள் சொந்தத்தில் எல்லோர் போனிலும் அந்த வீடியோ இருக்கிறது, பாட்டோடு. பாட்டு இல்லாமல் உலகத்தில் எங்கேயும் இல்லை. அம்மா ஸ்டுடியோவுக்கே போய், அந்த இரைச்சல் எப்படி இருந்தது என்று அந்த மனுஷனைக் குடைந்தாள். "எல்லா வீடியோவுலயும் அப்புடி ஒரு இரைச்சல் இருக்கும்மா, காத்து சத்தமா இருக்கும்" என்றிருக்கிறார். "காத்தே இல்லாத எடம் அது" என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம்கூட, வெளிச்சத்துக்குச் சத்தம் உண்டா என்று கேட்க ஆரம்பித்தாள். சிலர் உண்டு என்பார்கள், சிலர் முழிப்பார்கள். ஆள் பாதியாகிவிட்டாள். ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது.

பங்குனியில் நான் யாழ்ப்பாணத்துக்காரருக்குப் போன் பண்ணினேன். ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அண்ணே, நீங்க அத்தன வருஷமா அங்க இருக்கீங்க. ஒரு தரமாவது அந்த சத்தத்தக் கேட்டுருக்கீங்களா?"

"இல்லை அக்கா. ஒருநாளும் கேக்கேல்லை."

"கேட்டேன்னு எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்களேன். பொய்யா இருந்தாலும் பரவால்ல. எனக்கு அம்மா வேணும்ண்ணே."

"தம்பி அண்டைக்குக் கொண்டு போனது என்ர கார்தான் அக்கா. சாவியை நான்தான் குடுத்தனான். அந்த அம்மாவுக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. நான் ஒண்டு செய்யிறன். வெளிச்சம் நல்லா வாற நாளில வெளியில போய் நிண்டு போனைப் பிடிக்கிறன். அம்மாவே கேக்கட்டும்."

அந்த மாதமே ஒரு விடிகாலையில் கூப்பிட்டார். ஓட்டலைத் தாண்டி நடந்து, மரங்களுக்குள் ஒரு பழைய மரக்குடிசைப் பக்கம் நிற்பதாகச் சொன்னார். நான் ஃபேனை நிறுத்தினேன், பிரிட்ஜை நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் போய், மோட்டார் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார், பால்காரரைத் தடுக்க. போன் திரையில் மரங்களுக்கு மேலே பச்சை வெளிச்சம் ஆடியது. அம்மா அதைப் பார்க்கவே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு போனைக் காதில் வைத்துக்கொண்டாள். நான் அவள் தோளோடு ஒட்டி உட்கார்ந்து என் காதையும் கிட்டே கொண்டுபோனேன்.

கேட்கட்டும், எங்கள் அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். இல்லாத சத்தமாக இருந்தாலும் கேட்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

அம்மா திடீரென்று கண்ணைத் திறந்தாள். "தம்பி, அது என்னா டக்டக்குன்னு?"

"அது... என்ர பல்லு அம்மா. குளிரில அடிக்குது."

"அவ்வளவு குளுரா?"

"ஓம் அம்மா. இண்டைக்குக் கொஞ்சம் கூட."

"கையில உறை போட்டுருக்கியா?"

"ஒரு கையில போட்டிருக்கிறன். போனைப் பிடிக்கிற கையில கழட்டிட்டன்."

அம்மா தன் வலது கையைப் பார்த்தாள், விரல்களை மடக்கி விரித்தாள். பிறகு, "அன்னைக்கு அவனுக்கும் இப்புடித்தானே பல்லு அடிச்சிருக்கும்" என்றாள். கேள்வியாகக்கூட இல்லை. அவர் பல் அடிக்கிற சத்தம் மட்டும் எனக்கும் கேட்டது.

"உள்ள போப்பா."

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. இப்பதான் வெளிச்சம் கூட வருது. இனித்தான் கேட்டாலும் கேக்கும்."

"வேணாம். சத்தம் இருந்தா இருந்துட்டுப் போவுது, இல்லாட்டி போவுது. எனக்கு வேணாம். நீயாவது உள்ள போப்பா."

பனியில் அவர் பூட்ஸ் நறநறக்கிறது கேட்டது. மூச்சு வாங்குகிறது கேட்டது. மரக்குடிசைக்குள் போய்விட்டார் போல, குரல் மாறி ஒலித்தது. "வந்திட்டன் அம்மா."

"கதவ சாத்திட்டியா?"

"சாத்திட்டன்."

"சாத்துன சத்தம் எனக்குக் கேக்கலையே."

அவர் மறுபடியும் கதவைத் திறந்து, எங்களுக்குக் கேட்கும்படி ஓங்கிச் சாத்தினார்.

"ம்... கேட்டுச்சு" என்றாள் அம்மா.